டியூக்கா, கரோலினாவா: காலேஜ் பாஸ்கெட்பால் ரேங்கிங் சண்டைல அசராம நிக்க முழுமையான வழிகாட்டி

பிப்ரவரி கடைசி ஆயிட்டா போதும், நார்த் கரோலினாவுல கேரி, மாரிஸ்வில் பக்கம் இருக்கற தமிழ் ஆளுங்க வீட்டு விருந்துல கூட ஒரு மூலைல இந்தப் பேச்சு தான் ஓடும். டியூக்ல எம்எஸ் முடிச்ச ஒருத்தர், பொண்ண யூஎன்சில (கரோலினான்னு சொல்றதும் இதத் தான்) சேர்த்துட்டு திடீர்னு அவங்க கலரான வெளிர்நீல சட்டை போட ஆரம்பிச்ச ஒரு அப்பா, ரெண்டு பேரையும் பிடிக்காத, பக்கத்துலயே இருக்கற இன்னொரு காலேஜான என்சி ஸ்டேட் காரர் ஒருத்தர். டியூக் இருக்கற டர்ஹமுக்கும் யூஎன்சி இருக்கற சேப்பல் ஹில்லுக்கும் நடுவுல பத்து மைல் தான் தூரம், ஆனா வாய்த்தகராறுக்கு எல்லையே கிடையாது. "எங்க ரேங்க் என்ன தெரியுமா", "நீங்க யாரோட ஆடினீங்க, எல்லாம் மொக்கை டீம்", "எங்க ஷெட்யூல ஆடிப் பாருங்க, அப்புறம் பேசுங்க" – இந்த மூணு டயலாக்க வச்சே ரெண்டு மணி நேரம் ஓட்டிடுவாங்க.

சண்டைய நிறுத்தறதுக்கு நான் இத எழுதல. தாராளமா போடுங்க, ஆனா எந்த நம்பர் எதுக்குன்னு தெரிஞ்சு போடுங்க. ஆண்கள் காலேஜ் பாஸ்கெட்பாலோட மேல் மட்டமான டிவிஷன் 1ஐ வச்சு தான் சொல்றேன்.

படி 1: எந்தக் கேள்விக்கு சண்டைன்னு முதல்ல பிடிங்க

பாதி சண்டை ஏன் முடியவே மாட்டேங்குதுன்னா ரெண்டு பேரும் வேற வேற கேள்விக்கு பதில் சொல்லிட்டு இருப்பாங்க. ஒருத்தர் மனசுல இருக்கறது "நாளைக்கே பொதுவான ஒரு கோர்ட்ல மோதினா யாரு ஜெயிப்பா". இன்னொருத்தர் மனசுல இருக்கறது "இந்த சீசன்ல இதுவரைக்கும் யாரு அதிகமா சாதிச்சிருக்கா". முதல்ல சொன்னது திறமை, ரெண்டாவது கணக்குப் புத்தகம். ரெண்டுக்கும் பதில் பல நேரம் ஒண்ணா வரும், வராத நேரத்துல தான் தட்டு பறக்கும்.

2014ல விச்சிடா ஸ்டேட் 34-0ன்னு ஒரு ஆட்டம் கூட தோக்காம, காலேஜ் விளையாட்டு அமைப்பான என்சிஏஏ சீசன் கடைசில நடத்தற டோர்னமென்ட்டுக்கு வந்தாங்க. அவங்க இருந்தது மிசௌரி வேலிங்கற சின்ன கான்ஃபரன்ஸ் (தங்களுக்குள்ள ஆடிக்கற காலேஜ் குழு), அதனால சீசன் பூரா "யாரோட ஆடினீங்க"ங்கற கேள்வி துரத்திட்டே இருந்துச்சு. டோர்னமென்ட்டுக்கு டீம தேர்ந்தெடுக்கற கமிட்டி நம்பர் 1 சீட் (டோர்னமென்ட்டோட நாலு பிரிவுல ஒண்ணுல முதல் இடம்) குடுத்துச்சு. ரெண்டாவது ஆட்டத்துலயே 8வது சீட் கென்டக்கியோட 78-76ன்னு தோத்துட்டாங்க, கடைசி நொடில போட்ட மூணு பாயிண்ட் ஷாட் உள்ள போயிருந்தா கதையே வேற. உடனே ஒரு கூட்டம் "பாத்தியா, ஷெட்யூல் மொக்கை"ன்னு குதிச்சுது. ஆனா அதே கென்டக்கி அப்படியே ஃபைனல் வரைக்கும் போச்சு, அப்ப தப்பா கணக்குப் போட்டது விச்சிடாவோட சீட்லயா இல்ல கென்டக்கியோட சீட்லயா? என்னைக் கேட்டா 34-0க்கு நம்பர் 1 சீட் நியாயம் தான், அவங்க சம்பாதிச்சது அது. கென்டக்கி அதவிட திறமையான டீமா இருந்திருக்கலாம், அது வேற கேள்வி.

அதனால எதிராளி வாயத் திறந்த உடனே நீங்க கேக்க வேண்டியது ஒண்ணு தான்: "அண்ணே, நீங்க யாரு பெட்டர்னு சொல்றீங்களா, யாரு சம்பாதிச்சாங்கன்னு சொல்றீங்களா?" பாதி பேர் இதுக்கே கொஞ்சம் தடுமாறுவாங்க.

படி 2: மேசைல இருக்கறது எந்த ரேங்கிங்

"நாங்க 12வது ரேங்க்"னு யாராவது சொன்னா எதுல 12னு கேளுங்க.

ஏபி போல்ங்கறது பத்திரிகைக்காரங்க போடற ஓட்டு. ஒவ்வொருத்தரும் 25 டீம் எழுதுவாங்க, முதலாவதுக்கு 25 பாயிண்ட், கடைசிக்கு 1. டிவில டீம் பேருக்கு முன்னாடி வர்ற நம்பர் இது தான், அதனால இதுக்கு மவுசு ஜாஸ்தி. ஆனா சீசன் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே போன வருஷ ஞாபகத்துலயும் பேர் ராசிலயும் போட்டுடறாங்க, அந்த ஞாபகம் ஜனவரி வரைக்கும் ஒட்டிட்டே இருக்கும். 2022-23 சீசன யூஎன்சி ஏபில நம்பர் 1ஆ ஆரம்பிச்சு, கடைசில 20-13ன்னு முடிச்சு டோர்னமென்ட்டுக்கே போகல. 1985ல டோர்னமென்ட் 64 டீமா ஆனதுக்கு அப்புறம் நம்பர் 1ல ஆரம்பிச்சு உள்ளயே வராத முதல் டீம் அவங்க தான். டியூக் ஆளுங்க இத வருஷத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து விடுவாங்க, தயாரா இருங்க.

நெட்டுங்கறது என்சிஏஏ சொந்தமா வச்சிருக்கற ரேங்கிங், 2018-19ல இருந்து. அதுக்கு முன்னாடி 1981ல இருந்து ஆர்பிஐ இருந்துச்சு: உங்க ஜெயிப்பு விகிதத்துக்கு 25 சதவீதம், உங்க எதிராளிங்களோட ஜெயிப்பு விகிதத்துக்கு 50, எதிராளிங்களோட எதிராளிங்களுக்கு 25. பாருங்க, பாதி மார்க்கு நீங்க யாரோட ஆடறீங்கங்கறதுக்கே போயிடுது. அதனால கோச்சுங்க என்ன பண்ணாங்கன்னா சின்ன கான்ஃபரன்ஸ்ல நிறைய ஜெயிக்கற டீமாப் பாத்து வீட்டுக்குக் கூப்பிட்டு ஆடினாங்க, ஜெயிப்பும் வரும், ஆர்பிஐயும் ஏறும். நெட்ல இப்ப ரெண்டே விஷயம் தான்: யார, எங்க வச்சு ஜெயிச்சீங்கங்கறதுக்கு ஒரு மதிப்பு, அப்புறம் எதிராளி பலத்துக்கு ஏத்தாப்ல திருத்தின எஃபிஷியன்சி, அதாவது ஒரு பொசஷனுக்கு (பந்து கைக்கு வர்ற ஒரு தடவைக்கு) எவ்வளவு பாயிண்ட் போடறீங்க, எவ்வளவு விடறீங்கங்கறது. எதுக்கு எவ்வளவு எடைன்னு முழு ஃபார்முலாவ வெளிய விடறதில்ல. எஃபிஷியன்சி உள்ள இருக்கறதால மொக்கை டீம 20 பாயிண்ட்ல ஜெயிக்கறதும் 45 பாயிண்ட்ல ஜெயிக்கறதும் ஒண்ணு இல்ல, 2023-24ல பிக் 12ங்கற கான்ஃபரன்ஸ் டீமுங்க மேல எல்லாரும் கடுப்பானதுக்கு காரணமும் இது தான்.

கென்பாம்ங்கற ரேங்கிங் கென் பாமராய் நடத்தறது, மனுஷன் முன்னாடி வானிலை ஆராய்ச்சில இருந்தவர். 100 பொசஷனுக்கு கணக்கு. இதுவும், டார்விக்கும், இஎஸ்பிஎன் காரங்களோட பிபிஐயும் அடுத்த ஆட்டத்துல என்ன ஆகும்னு சொல்ற ரகம். கேபிஐ, ஸ்ட்ரெங்த் ஆஃப் ரெக்கார்ட், வாப் மூணும் இதுவரைக்கும் என்ன சாதிச்சீங்கன்னு சொல்ற ரகம். 12 பேர் கொண்ட தேர்வுக் கமிட்டி முன்னாடி வைக்கற டீம் ஷீட்ல ரெண்டு ரகமும் இருக்கும். படி 1ல கேட்ட கேள்விக்கு ஏத்த ரகத்த எடுங்க, சாதனைய பத்தி பேசும்போது கென்பாம நீட்டாதீங்க.

படி 3: குவாட் கணக்கு

நெட் ரேங்க நேரா பாத்து கமிட்டி டீம எடுக்கறதில்ல. இத நம்பாதவங்க 2024ல இண்டியானா ஸ்டேட்ட பாருங்க, 28-6, நெட்ல முப்பதுக்குள்ள, ஆனா டிரேக்கோட கான்ஃபரன்ஸ் ஃபைனல்ல தோத்ததுல வெளிய உக்கார வச்சுட்டாங்க. நெட்டோட முக்கியமான வேலை உங்க ரேங்க சொல்றது இல்ல, உங்க எதிராளிங்கள குவாட்ங்கற நாலு பிரிவா பிரிக்கறது.

குவாட் 1ன்னா வீட்டுல ஆடினா 1-30 ரேங்க் டீம், பொது கோர்ட்ல 1-50, அவங்க ஊருக்குப் போய் ஆடினா 1-75. குவாட் 2 வீட்டுல 31-75, பொதுவுல 51-100, வெளியூர்ல 76-135. குவாட் 3 வீட்டுல 160 வரைக்கும், பொதுவுல 200, வெளியூர்ல 240. அதுக்குக் கீழ எல்லாம் குவாட் 4, ஜெயிச்சா யாரும் கண்டுக்க மாட்டாங்க, தோத்தா மார்ச் வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

இதுல ஒரு ஓட்டை இருக்கு. வீட்டுல 30வது டீமோட ஆடினா குவாட் 1, 31வது டீமோட ஆடினா குவாட் 2, அந்த ஒரு ரேங்க் வித்தியாசத்துல உண்மைல ஒண்ணுமே இல்ல. அதோட ரேங்க் தினமும் மாறிட்டே இருக்கறதால நவம்பர்ல ஜெயிச்ச ஆட்டம் பிப்ரவரில குவாட் மாறும். "நாங்க ஜெயிக்கும்போது அவங்க அஞ்சாவது ரேங்க்"ன்னு ஒரு ஆள் நெஞ்ச நிமித்துவாரு பாருங்க, அது ஏபி ரேங்க், அதுவும் அன்னைக்கு. இன்னைக்கு நெட்ல எங்க இருக்காங்கன்னு ஃபோன எடுத்து காட்டிடுங்க.

குவாட் சண்டைக்கு இதவிட நல்ல உதாரணம் கிடைக்காது: 2025 யூஎன்சி. குவாட் 1ல 1-12. பன்னெண்டு தோல்வி, ஒரே ஒரு ஜெயிப்பு, அது நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல யூசிஎல்ஏவ 76-74ன்னு. அப்படியும் கடைசி இடத்துல உள்ள எடுத்துட்டாங்க. அதுல இன்னும் நெய் ஊத்தினாப்ல அந்த வருஷம் தேர்வுக் கமிட்டி தலைவரே யூஎன்சியோட விளையாட்டுத் துறை இயக்குநர் பப்பா கன்னிங்ஹம். அவர் டீம பத்தி பேசும்போது அவர் ரூம்ல இருக்கக் கூடாதுன்னு விதி, இல்லவும் இல்ல, ஆனா யாரு நம்புவா. குவாட் 1ல ஆறு ஜெயிப்பு வச்சிருந்த வெஸ்ட் வர்ஜீனியா வெளிய. அட்லாண்டிஸ் டோர்னமென்ட்ல கொன்சாகாவையும் அரிசோனாவையும் ஓவர்டைம்ல ஜெயிச்சு, டிசம்பர் 31 அன்னைக்கு கேன்சஸ் ஊருக்கே போய் 62-61ன்னு ஜெயிச்ச டீம். அந்த மாநில கவர்னர் பிரஸ் மீட்டே வச்சு கொந்தளிச்சாரு.

இப்ப நீங்க யூஎன்சி பக்கம் வாதாடணும்னா என்ன சொல்லலாம்? குவாட் 2ல 8-0. நெட்ல நாப்பதுக்குள்ள, வெஸ்ட் வர்ஜீனியா ஐம்பது பக்கம். தோத்தது யாரோட: கேன்சஸ் ஊர்ல 92-89, மிச்சிகன் ஸ்டேட்டோட ஓவர்டைம்ல 94-91, ஃப்ளோரிடாவோட 90-84, ஆபர்னோட ஒண்ணு, அலபாமாவோட ஒண்ணு, டியூக்கோட மட்டும் மூணு. ஃப்ளோரிடா, ஆபர்ன், டியூக் மூணுமே அந்த வருஷம் நம்பர் 1 சீட். எதிர்த்து வாதாடணும்னா ஒரே வரி போதும்: "கஷ்டமான பரீட்சை எழுதினேன்னு சொல்றது சரி, பாஸ் ஆனீங்களா?" என் தனிப்பட்ட அபிப்பிராயம், ரெண்டு டீமையும் வச்சுப் பாத்தா நான் வெஸ்ட் வர்ஜீனியாவ தான் எடுத்திருப்பேன்.

படி 4: ஷெட்யூல சராசரில பாக்காதீங்க

இது தான் முக்கியமான படி, நிதானமா படிங்க. "எங்க ஸ்ட்ரெங்த் ஆஃப் ஷெட்யூல் அஞ்சாவது"ன்னு சொன்னா அது பெரும்பாலும் எதிராளிங்க பலத்தோட சராசரி. சராசரி ஏமாத்தும்.

சும்மா ஒரு கணக்குக்கு: ஒரு ஷெட்யூல்ல ரெண்டு ஆட்டம், 1வது டீமோட ஒண்ணு, 349வது டீமோட ஒண்ணு. இன்னொரு ஷெட்யூல்ல 175வது டீமோட ரெண்டு. ரேங்க் சராசரி ரெண்டுக்கும் 175. நாட்டுல பத்தாவது இடத்துல இருக்கற ஒரு டீம் முதல் ஷெட்யூல ஆடினா 1வது டீம ஜெயிக்க 40 சதவீதம், 349ஐ ஜெயிக்க 99ன்னு வச்சுக்கங்க, ஆக மொத்தம் 1.39 ஜெயிப்பு. ரெண்டாவதுல 93 சதவீதம் ரெண்டு தடவை, 1.86. கிட்டத்தட்ட அரை ஆட்டம் வித்தியாசம், ஒரே ரெண்டு ஆட்டத்துல! இதையே 200வது இடத்துல இருக்கற டீம் ஆடினா 3 சதவீதமும் 85ம் சேர்ந்து 0.88, அந்தப் பக்கம் 45 ரெண்டு தடவை, 0.90. ரெண்டும் ஒண்ணு தான். அதாவது "கஷ்டமான ஷெட்யூல்"ங்கறது யாரு ஆடறாங்கங்கறத பொறுத்தது. பெரிய டீமுக்கு 250வது டீமும் 350வது டீமும் ஒரே மாதிரி தான், ரெண்டையும் ஊதிடுவாங்க, ஆனா சராசரில அந்த நூறு ரேங்க் வித்தியாசம் பெருசா தெரியும்.

அதனால என்ன பண்ணணும்னா ஷெட்யூல கைல எடுத்து ரெண்டா பிரிங்க. நவம்பர் டிசம்பர்ல ஆடறது டீமே தேர்ந்தெடுத்தது, பழிக்கவும் பாராட்டவும் அங்க தான் உரிமை இருக்கு. பெரிய காலேஜுங்க சின்ன காலேஜுக்கு ஒரு ஆட்டத்துக்கு ஒரு லட்சம் டாலர் பக்கம் குடுத்து தங்களோட கோர்ட்டுக்கு வரவழைச்சு ஆடும், திரும்ப அவங்க ஊருக்குப் போகாது. அப்படி எத்தனை ஆட்டம், நிஜமான வெளியூர் ஆட்டம் எத்தனைன்னு எண்ணுங்க. வீட்டு கோர்ட்டோட லாபம் ஏறக்குறைய மூணு பாயிண்ட், டியூக்கோட கேமரன் அரங்கம் மாதிரி 9,314 சீட் உள்ள, தலை மேல வந்து கத்தற இடத்துல அதவிட அதிகமா தோணும். சின்ன கான்ஃபரன்ஸ்ல இருக்கற நல்ல டீம பாத்து "யாரோட ஆடினே"ன்னு கேக்கறதுல எனக்கு கொஞ்சம் கோவமே வரும், ஏன்னா பெரிய டீமுங்க அவங்க ஊருக்குப் போக பயந்து ஃபோன எடுக்கறதில்ல, அப்புறம் மார்ச்ல அவங்களையே குத்தம் சொல்றது.

ஜனவரில இருந்து ஆடறது கான்ஃபரன்ஸ் குடுத்தது. இங்க ஒரு சூட்சுமம். கான்ஃபரன்ஸுக்குள்ள ஒருத்தர் ஜெயிச்சா இன்னொருத்தர் தோக்கணும், மொத்தமா கூட்டினா பூஜ்யம் தான். அப்ப ஒரு கான்ஃபரன்ஸோட தரம் டிசம்பர் முடியறதுக்குள்ள முடிவாயிடுது. 2024 டிசம்பர்ல, டியூக்கும் யூஎன்சியும் இருக்கற ஏசிசி கான்ஃபரன்ஸுக்கும் எஸ்இசி கான்ஃபரன்ஸுக்கும் நடுவுல ஏசிசி-எஸ்இசி சேலஞ்ச் நடந்துச்சு, எஸ்இசிக்கு 14 ஜெயிப்பு, ஏசிசிக்கு 2. டியூக் ஆபர்ன ஜெயிச்சது, கிளெம்சன் கென்டக்கிய ஜெயிச்சது, அவ்வளவு தான். அதோட பலன் மார்ச்ல தெரிஞ்சுது: எஸ்இசில இருந்து 14 டீம் டோர்னமென்ட்டுக்குப் போச்சு, இதுவரை எந்த கான்ஃபரன்ஸும் போகாத எண்ணிக்கை, ஏசிசில இருந்து நாலே நாலு. எஸ்இசில கடைசில கிடக்கற டீமுக்கு கூட வாரம் ஒரு குவாட் 1 வாய்ப்பு, தோத்தாலும் பெருசா அடி இல்ல. ஏசிசில டியூக்க விட்டா யாரோட ஆடி ஏறறது? யூஎன்சியோட 1-12க்குப் பின்னாடி பாதி கதை இது தான், மீதி பாதி அவங்க நிஜமாவே ஜெயிக்கல.

படி 5: வாப் கணக்க கத்துக்கங்க

வாப் 2024-25ல டீம் ஷீட்ல சேர்ந்துச்சு. உள்ளயா வெளியவான்னு தொங்கிட்டு இருக்கற ஒரு சுமாரான டீம் உங்க இடத்துல ஆடியிருந்தா எத்தனை ஜெயிச்சிருக்கும், நீங்க எத்தனை ஜெயிச்சீங்க, அதோட வித்தியாசம். அந்த டீம் ஜெயிக்க 20 சதவீதம் வாய்ப்பு இருக்கற ஆட்டத்த நீங்க ஜெயிச்சா 0.8 வரவு, தோத்தா 0.2 செலவு. 97 சதவீத ஆட்டத்த ஜெயிச்சா 0.03, தோத்தா 0.97 போச்சு.

மேல இருக்கற டீமுங்க ஊருக்கு அஞ்சு தடவை போய் அஞ்சும் தோத்தா ஒரு ஜெயிப்பு நஷ்டம். அஞ்சுல ஒண்ணு ஜெயிச்சா வரவும் செலவும் சரியாப் போச்சு. மொக்கை டீம் அஞ்ச வீட்டுல போட்டு அடிச்சா மொத்தமே 0.15. நல்லா பாருங்க, ஷெட்யூல் கஷ்டம்ங்கறதுக்காக யாருக்கும் இனாமா மார்க்கு கிடையாது, ஆனா லேசான ஷெட்யூல்ல குவிச்ச ஜெயிப்புக்கும் மதிப்பு கிடையாது. விருந்துல பேசறதுக்கு ஒரே ஒரு நம்பர் தான் ஞாபகம் வச்சுக்க முடியும்னா இத வச்சுக்கங்க.

படி 6: வழக்கமா வர்ற வாதங்களும் பதிலும்

"நாங்க அவங்கள ஜெயிச்சோம், அவங்க உங்கள ஜெயிச்சாங்க, அப்ப நாங்க தான் பெருசு." இதுக்கு மருந்து 2018 யூஎம்பிசி. ஜனவரில ஆல்பனியோட 83-39ன்னு தோத்த டீம் அது. மார்ச்ல 16வது சீட்டா வந்து நம்பர் 1 வர்ஜீனியாவ 74-54ன்னு சாய்ச்சுது, ஆண்கள் டோர்னமென்ட்ல அப்படி நடந்தது அது தான் முதல் தடவை. சங்கிலிப்படி பாத்தா ஆல்பனி வர்ஜீனியாவ விட 64 பாயிண்ட் பெரிய டீம். சொல்லிட்டு சாம்பார் ஊத்திக்கங்க.

"டோர்னமென்ட்ல என்ன ஆச்சு பாத்தியா, அப்ப எடுத்தது சரி தானே." 2025ல யூஎன்சி டேடன்ல முதல் ஆட்டத்துல சான் டியாகோ ஸ்டேட்ட 95-68ன்னு நொறுக்கினப்போ எல்லா வெளிர்நீல சட்டையும் இதையே சொல்லுச்சு. மூணு நாள் கழிச்சு ஓல் மிஸ்ஸோட 71-64ன்னு தோத்தப்போ அதே வாதத்த எதிர்ப்பக்கம் எடுத்துக்கிச்சு. தேர்வு நடந்த ஞாயித்துக்கிழமை அன்னைக்கு கைல என்ன இருந்துச்சோ அத வச்சு தான் பேசணும். 2024 என்சி ஸ்டேட் அஞ்சு நாள்ல அஞ்சு ஆட்டம் ஜெயிச்சு ஏசிசி கோப்பை எடுத்ததால மட்டுமே உள்ள வந்து, டியூக்கையே 76-64ன்னு தூக்கிட்டு ஃபைனல் ஃபோர் போச்சு. அதுக்காக மார்ச் முதல் வாரத்துல அவங்கள எடுத்திருக்கணும்னு யாரும் சொல்ல முடியாது. அந்த என்சி ஸ்டேட் காரர் சொல்வார், விடுங்க.

"எங்க ஸ்டார் ஆளுக்கு அடிபட்டுடுச்சு." இது ரெண்டு பக்கமும் வெட்டும். 2000ல சின்சினாட்டி நம்பர் 1 டீம், கான்ஃபரன்ஸ் டோர்னமென்ட்ல கென்யன் மார்ட்டின் காலு ஒடிஞ்சுது, கமிட்டி ரெண்டாவது சீட்டுக்கு இறக்கிடுச்சு. கமிட்டி காயத்த பாக்கும், ஆனா எல்லா நேரமும் உங்களுக்கு சாதகமா பாக்காது.

"கண்ணால பாத்தாலே தெரியுது." இதுக்கு பதில் கிடையாது, தட்ட எடுத்துட்டு வேற ரூமுக்குப் போயிடுங்க.

கோப்பை எண்ணிக்கை பேச்சு வந்தா யூஎன்சி 6, டியூக் 5. ஏழுன்னு யாராவது சொன்னா அது 1924 டீமுக்கு ஹெல்ம்ஸ்ங்கற அமைப்புக் காரங்க பல வருஷம் கழிச்சு குடுத்த பட்டம், அப்ப என்சிஏஏ டோர்னமென்ட்டே கிடையாது.

படி 7: எப்ப பேசணும்

நவம்பர்ல நெட் வராது, டிசம்பர் ஆரம்பத்துல தான் முதல் தடவையா வரும், அப்பவும் அஞ்சாறு ஆட்டத்துக்கு அப்புறம் இருக்கற நெட்ட வச்சு சவால் விடாதீங்க, தலைகீழா மாறும். ஜனவரி பாதிக்கு மேல குவாட் கணக்குக்கு அர்த்தம் வரும். 2025 கணக்குப்படி 68 டீம்ல 31 இடம் கான்ஃபரன்ஸ் கோப்பை ஜெயிச்சவங்களுக்குப் போச்சு, மீதி 37க்கு தான் இத்தனை சண்டையும். மார்ச் முதல் வாரத்துல சின்ன கான்ஃபரன்ஸ்ல யாராவது எதிர்பாராம கோப்பைய தட்டிட்டா, அங்க ஜெயிக்கும்னு நினைச்ச நல்ல டீம் அந்த 37ல ஒரு இடத்த எடுத்துக்கும், தொங்கிட்டு இருக்கற டீமோட ரசிகர் முகத்த அன்னைக்கு பாக்கணும்.

அப்புறம் கோடைல ஒரு வேலை இருக்கு. அடுத்த சீசன் ஷெட்யூல் வந்த உடனே உங்க டீமோடதையும் எதிராளி டீமோடதையும் எடுத்து, நவம்பர் டிசம்பர் ஆட்டத்துல எது வீட்டுல, எது பொதுவுல, எது நிஜமா வெளியூர்ல, எது காசு குடுத்து கூப்பிட்டதுன்னு தனித்தனியா ஃபோன்ல குறிச்சு வைங்க. பிப்ரவரில அந்த அப்பா வெளிர்நீல சட்டையோட வந்து "எங்க ஷெட்யூல்"ன்னு ஆரம்பிப்பாரு, அப்ப தேடிட்டு இருக்க நேரம் இருக்காது.